மாரிக் குளிருக்கு மரக்கறிச் சூப்: வடிக்கத்தான் வேண்டுமா?

உரும்பிராயிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மழை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் மாமிக்கும் இரவில் மரக்கறிச் சூப் வைக்கிறீர்கள். கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாவற்றையும் அவித்து, வடித்து, தெளிந்த தண்ணீரைக் கோப்பையில் கொடுக்கிறீர்கள். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு "இது சுடுதண்ணியெல்லோ பிள்ளை" என்கிறார். கடைச் சூப் கட்டி ஒன்றைப் போட்டால் மட்டும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். சத்தான சூப்புக்கு ஒரு செய்முறை தாருங்கள் என்று முடித்திருக்கிறீர்கள். செய்முறை தருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் வேறொன்று கிடக்கிறது: மரக்கறியின் சத்து அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறதா, அதை மட்டும் குடித்தால் ஒரு நேரச் சாப்பாடு ஆகுமா? அதற்குப் பதில் தெரிந்தால் செய்முறையை நீங்களே எழுதிவிடுவீர்கள். சுருக்கமாகச் சொன்னால், மாமி சொன்னது பெரும்பாலும் சரி.

நான் இருபத்தொன்பது வருடம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் மனையியல் படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகும் எங்கள் ஊர்க் கோயில் அன்னதானச் சமையலில் கை வைக்கிறேன். வைத்தியர் அல்ல. ஆகவே வருத்தக்காரருக்கான சாப்பாடு பற்றிக் கடைசியில் சொல்வதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை உங்கள் வைத்தியர் சொல்லட்டும்.

முதலில் தண்ணீருக்குள் என்ன இறங்குகிறது என்று பார்ப்போம். உயிர்ச்சத்து சீ, பீ வகை உயிர்ச்சத்துகள், பொற்றாசியம் இவை தண்ணீரில் கரையும். மரக்கறியைச் சிறிதாக வெட்டி நெடுநேரம் அவித்தால் அவற்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகும். அதிலும் உயிர்ச்சத்து சீ சூட்டில் அழியக்கூடியது. ஒரு மணித்தியாலம் கொதித்த தண்ணீரில் அதைத் தேடிப் பயனில்லை. கரட்டிலும் பூசணியிலும் இருக்கிற மஞ்சள் நிறச் சத்து, உடலுக்குள் போய் உயிர்ச்சத்து ஏ ஆவது, தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். நார்ச்சத்து, மாச்சத்து, இருக்கிற கொஞ்சப் புரதம் எல்லாம் நீங்கள் வடிதட்டில் மிச்சம் விட்ட சக்கையில்தான் நிற்கின்றன. அந்தச் சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. கோழிக்குப் போடுகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு கிடைப்பது கோழிக்கு.

இன்னொரு விஷயம். நீங்கள் சொன்ன நான்கு மரக்கறியையும் வடிக்காமல் அப்படியே சாப்பிட்டால்கூட அதில் புரதம் சொற்பம். வளருகிற பிள்ளைக்கும், பல் போய் இறைச்சி மீன் குறைத்துவிட்ட வயதானவருக்கும் முதலில் குறைவது அதுதான். எனவே சூப்புக்கு அடித்தளம் பருப்பு. மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேருக்கு வைக்கிற சூப்பில் 100 கிராம் போட்டால் ஆளுக்கு ஆறு கிராம். ஒரு முட்டையின் புரதத்துக்குக் கிட்ட வரும். தண்ணீர்ச் சூப்பைத் தடிப்பாக்குவதற்குச் சோளமா கரைத்து விடுகிற வேலையும் மிச்சம். பருப்பே கரைந்து சூப்பைப் பிடித்துக்கொள்ளும்.

பருப்பு என்றதும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற நிலம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதே, அந்தச் சுண்ணாம்பு பருப்பின் தோலையும் இறுக்கிவிடும். கௌபி, கொண்டைக்கடலை, முழுப் பயறு போன்றவற்றில் இது நன்றாகத் தெரியும்: கொழும்பிலிருந்து வந்த மருமகள் "இந்தக் கடலை அவியுதே இல்லை" என்று தலையில் கை வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கடலை அல்ல, தண்ணீர். தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பு ஓரளவு தப்பிவிடும், ஆனாலும் நேரம் எடுக்கும். வழி என்னவென்றால், அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கள். முழுத் தானியம் என்றால் இரவு முழுக்க. சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் பருப்பை அதில் அவியுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தக்காளி, பழப்புளி, தேசிக்காய் எதையும் பருப்பு மசிவதற்கு முன் போடாதீர்கள். புளிப்பும் அதை இறுக்கும். கொஞ்சம் அப்பச்சோடா போட்டால் சட்டென்று மசியும் என்று யாராவது சொல்வார்கள். மசியும்தான். ஆனால் சோடா உயிர்ச்சத்து பீ ஒன்றை அழித்துவிடும். சத்துக்காக வைக்கிற சூப்பில் அந்த வேலை வேண்டாம்.

மரக்கறிக்கு லீக்ஸையும் போஞ்சியையும் நம்பியிருக்கத் தேவையில்லை. சூப் என்றால் இந்த நான்கும்தான் என்று எங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். லீக்ஸ் நுவரெலியாவிலிருந்து லொறி ஏறி வருவது, மழை நாளில் விலையும் ஏறும். மாரியில் எங்கள் செம்மண்ணிலேயே கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் விளைகின்றன. மருதனார்மடத்திலோ திருநெல்வேலிச் சந்தையிலோ காலையில் போனால் மண் காயாமல் கிடைக்கும். பூசணிக்காய் எப்போதும் இருக்கிறது. என்னைக் கேட்டால் சூப்புக்குப் பூசணியைவிட நல்ல மரக்கறி இல்லை. மலிவு, இனிப்பு, தானாகக் கரையும், அந்தச் செம்மஞ்சள் நிறத்தில் சத்தும் இருக்கிறது. நல்ல தடித்த சதை உள்ளதாக, வெட்டின முகம் ஈரம் கசியாமல் இருப்பதாகப் பார்த்து ஒரு கீற்று வாங்குங்கள். லீக்ஸ் வாங்கினால் நெடுக்காகக் கீறி ஒவ்வோர் இதழாக விரித்துக் கழுவுங்கள். மண் உள்ளே ஒளிந்திருக்கும், பல்லில் கடிபடும். பீற்றூட் போடலாம், ஆனால் சட்டி முழுக்கச் சிவந்துவிடும். என் பேரன் அதை "இரத்தச் சூப்" என்று சொல்லித் தொடவே மாட்டான், அவன் தங்கைக்கு அதுதான் விருப்பம்.

இனி, நான்கு பேருக்கு. மைசூர்ப் பருப்பு 100 கிராம், அதாவது அரைக் கோப்பை அளவு. பூசணி கால் கிலோ, நடுத்தரக் கரட் இரண்டு, போஞ்சி ஒரு பிடி, கோவா ஒரு சிறு துண்டு. சின்ன வெங்காயம் பத்து, உள்ளி ஆறு பல்லு, விரல் முட்டியளவு இஞ்சி, நல்ல பழுத்த தக்காளி இரண்டு. மிளகும் நற்சீரகமும் தலா ஒரு தேக்கரண்டி. முருங்கையிலை உருவினது இரண்டு கை நிறைய. கட்டியான தேங்காய் முதற்பால் கால் கோப்பை, ஒரு தேசிக்காய். ஊறின பருப்பைக் கழுவி ஒன்றரை லீற்றர் தண்ணீரில் பூசணியோடு அடுப்பில் வையுங்கள். முதல் கொதியில் நுரை பொங்கும், அகப்பையால் எடுத்து விடுங்கள். பருப்பு விரலால் நசுக்கினால் மாவாகிற பதம் வரும்வரை சின்ன நெருப்பில் விடுங்கள், இருபது நிமிடம் முதல் அரை மணி. பிறகு மத்தால் நாலு கடை கடைந்தால் பருப்பும் பூசணியும் ஒன்றாகி, தோசை மாவுக்கும் ரசத்துக்கும் இடையில் ஒரு பதம் வரும். அப்போதுதான் கரட், போஞ்சி, கோவாவைப் போட வேண்டும். சுண்டுவிரல் நகமளவுக்கு வெட்டினால் போதும். இன்னும் பொடியாக வெட்டினால் கரைந்துவிடும், வாயில் எதுவும் தட்டுப்படாது. பத்து நிமிடம் போதும்.

அது அவிகிற நேரத்தில் இன்னொரு தாச்சியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, வெங்காயம், தட்டின உள்ளி, இஞ்சியை வதக்குங்கள். வெங்காயம் ஓரத்தில் பொன்னிறம் காட்டினதும் தக்காளியைப் போட்டு அது குழையும்வரை பிரட்டுங்கள். மிளகையும் சீரகத்தையும் அப்போதே அம்மியில் அல்லது உரலில் கொரகொரப்பாக இடித்துச் சேருங்கள். பொதியில் வாங்கிய மிளகுதூள் காரம் தரும், மணம் தராது. பிள்ளைகள் கடைக் கட்டியில் விரும்புவது இந்த வதக்கின வெங்காய மணத்தையும் உப்பையும்தான். மணத்தை நீங்களே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். இந்தக் கலவையைச் சூப்பில் கொட்டி, உப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கு உள்ளேயே போட்டு, இரண்டு கொதி விடுங்கள். உங்கள் கிணறு உவர்ப்பென்றால் உப்பை இன்னும் குறைக்கலாம்.

இலை கடைசியில். முருங்கையிலையைப் போட்ட பிறகு மூடக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்வா. ஏன் என்று கேட்டால் "கைக்கும்" என்பா. அந்தக் கைப்புக் கதையை நான் இன்றுவரை சோதித்து உறுதிப்படுத்தவில்லை, ஆனால் நிறத்துக்குக் காரணம் இருக்கிறது: கொதிக்கும்போது இலையிலிருந்து புளிப்புத்தன்மை உள்ள ஆவி போகும், மூடினால் அது திரும்பச் சட்டிக்குள் விழுந்து பச்சையைப் பழுப்பாக்கும். எனவே திறந்தபடி மூன்று நான்கு நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, தேங்காய்ப்பாலை விட்டுக் கலக்குங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் பால் திரைந்துபோகும். தேங்காய்ப்பால் கொழுப்பு என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் மேலே சொன்ன மஞ்சள் சத்து உடம்பில் சேரக் கொஞ்சக் கொழுப்பு வேண்டும், நாலு பேருக்குக் கால் கோப்பை பெரிய தொகை அல்ல. கொழுப்புக் குறைக்கச் சொல்லப்பட்டவர் பாலை விட்டுவிட்டு அந்த ஒரு கரண்டி நல்லெண்ணெயோடு நிறுத்தலாம்.

தேசிக்காயைச் சட்டியில் பிழியாதீர்கள். அவரவர் கோப்பையில், குடிக்கிற நேரத்தில். சட்டியில் பிழிந்தால் இலை நிறம் மாறும், சூட்டில் உயிர்ச்சத்து சீயும் குறையும். கோப்பையில் பிழிந்தால் இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சூப் குடித்த கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முருங்கையிலை கிடைக்காவிட்டால் பொன்னாங்காணி, பசளி, வல்லாரை எதுவும் போடலாம். வல்லாரையை அவிக்காமல் பொடியாக அரிந்து மேலே தூவுங்கள். இரவில் கீரை கூடாது என்று மாமி சொல்லக்கூடும். நான் படித்த சத்துணவுப் பாடத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சிலருக்கு இரவில் வயிறு ஊதும் என்பது உண்மை. மாமியோடு வாதாடாமல், அவருக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கே ஒரு கோப்பை கொடுத்துவிடுங்கள்.

வடிக்காமல் குடிக்கிற சூப்பை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அந்த வருட மாரி. நனைந்த விறகு, ஒரு கிடாரம், ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த பூசணிக்காய், நிவாரணப் பருப்பு, வளவு வேலியில் நின்ற முருங்கை. கரட் எங்கே, லீக்ஸ் எங்கே. மல்லியும் மிளகும் யாரோ ஒரு பெட்டைப்பிள்ளை சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதை இடித்துப் போட்டுப் பேணியில் ஊற்றிக் கொடுத்தோம். வரிசையில் நின்ற ஒரு கிழவர் பேணியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் கன நேரம் நின்றார். கை சூடேறட்டும் என்று நின்றிருக்கிறார். பிறகு அடியில் தங்கின பருப்பை விரலால் வழித்துச் சாப்பிட்டார். இங்கே மார்கழி தையில் இரவுக் குளிர் பெரிதல்ல, வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஈரமும் வாடையும் சேர்ந்தால் அது வேறு குளிர்.

சூப் கட்டிக்கு வருவோம். பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் இருப்பது உப்பு. முதலில் எழுதியிருப்பதுதான் அதிக நிறையில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது, மட்டமாக ஒரு தேக்கரண்டி. பாண், சம்பல், கருவாடு எல்லாவற்றிலும் ஏற்கெனவே அது போய்க்கொண்டிருக்கிறது. கட்டி விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. மாமிக்கு இரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். பிள்ளைகளுக்கு விடாமல் முடியாது என்றால், இந்த வாரம் அரைக் கட்டி போட்டு மற்ற உப்பை நிறுத்துங்கள், அடுத்த வாரம் கால், அதற்கடுத்து நாக்கு மறந்துவிடும். இப்படித்தான் என் வீட்டிலும் நடந்தது, மூன்று வாரம் எடுத்தது.

எலும்புச் சூப்தான் சத்து என்று அயலில் சொல்வார்கள் என்பதால் ஒரு வார்த்தை. எலும்பில் கல்சியம் நிறைய உண்டு, ஆனால் அவிக்கிற தண்ணீருக்குள் வருவது கொஞ்சம். முருங்கையிலையில் அதைவிடத் தாராளமாகக் கிடைக்கும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நிச்சயமானது. இனிச் சொல்வது அவ்வளவு நிச்சயமில்லை. மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு, மல்லி தடிமனை மாற்றுமா? சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம், மூக்கடைப்பு சற்று இளகும், காய்ச்சலில் வற்றின உடம்புக்குத் தண்ணீர் போகும், இவ்வளவும் சரி. ஆனால் தடிமன் ஒரு வைரசால் வருவது, சூப் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் போய்விடும். மல்லித்தண்ணி நானும் குடிக்கிறேன், மருந்தென்று யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். மாரி காலம் எங்களுக்கு டெங்குக் காலம். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சலிலும் இங்கே உயிர்கள் போயின. வயல், வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது யாருக்காவது காய்ச்சல் இரண்டாவது நாளும் விடாமல் நின்றால், சூப்பை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

வருத்தக்காரர் பற்றிச் சொன்னேன் அல்லவா. சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு என் செய்முறை நேர் எதிராக வேலை செய்யும். பொற்றாசியத்தைக் குறைக்க அவர்கள் மரக்கறியை அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதுதான் அவர்களுக்கு ஆகாதது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிகை எடுப்பவர் திடீரென்று தினமும் இலைச் சூப் குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வேலை மாறும். கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சீனி வருத்தத்துக்கு இந்தச் சூப் நல்லதுதான், அதோடு மூன்று துண்டு பாண் போகாதவரை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அதுவும் எங்கள் தோட்டக் கிராமங்களின் கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்று இருக்கிறது, அது கைக்குழந்தைக்கு ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

பிள்ளைகள் இலையைப் பார்த்து முகம் சுளித்தால் அரைத்துக் கொடுக்கலாம், ஆறவிட்டு. ஒரு முறை வகுப்பில் நேரம் போதாமல் கொதிக்கக் கொதிக்க பிளெண்டரில் ஊற்றி அமத்தினேன். ஆவி மூடியைத் தூக்கி எறிந்து, பூசணிச் சூப் கரும்பலகை வரை போயிற்று. நல்ல காலம், பிள்ளைகள் தள்ளி நின்றார்கள். இப்போது மத்துத்தான்.

கடைசியாக, மிச்சத்தை அடுத்த நாள் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் அந்தப் பங்கைப் பாலும் இலையும் விடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பால் விட்டது மழை நாளிலும் வெளியில் விடிய முன் புளித்துவிடும். ஆறினதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து, அப்போது புதிதாக ஒரு பிடி இலையும் பாலும். இரவு முழுக்க நின்றதில் பருப்பு இறுகியிருக்கும், அரைக் கோப்பை சுடுதண்ணி விட வேண்டும். பேக்கரியில் சூட்டோடு வருகிற ரோஸ் பாணின் மொறுமொறுப்பான ஓரத்தை அதில் தோய்த்துக் கொடுத்துப் பாருங்கள். மாமிக்குப் பல் ஏலாது என்றால் ஓரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு நடுப்பகுதியை அவருக்குக் கொடுங்கள்.